தரம் பத்தில் புவியியல் எடுக்கலாமா?

(தரம் ஒன்பதில் படிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமாகத் தோட்டக் கலாசார மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, முகம்கூடக் கழுவாமல் நேராக வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அதனால் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். தரம் ஒன்பது முடித்துப் பத்துக்குப் போகும்போது பிள்ளைகள் சில பாடங்களைத் தாங்களே தெரிவு செய்ய வேண்டும். தாய்மொழி, சமயம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, ஆங்கிலம் ஆகிய ஆறும் எல்லோருக்கும் கட்டாயம். மிச்சம் மூன்றை மூன்று தொகுதிகளிலிருந்து எடுக்க வேண்டும். முதல் தொகுதியில்தான் புவியியல் இருக்கிறது. வணிகக் கல்வியும் அதிலேதான், குடியுரிமைக் கல்வியும் அதிலேதான், இரண்டாம் மொழிச் சிங்களமும் அதிலேதான். ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும். அந்த இடத்தில் புவியியலுக்குக் கோடு போடுங்கள் என்று கேட்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

நான் சாதாரண தரம் எழுதின காலத்தில் இது தனிப் பாடமாக இருக்கவில்லை. சமூகக்கல்வி என்ற ஒரே பாடத்துக்குள் ஆறும் மலையும் அரசர்களும் ஒன்றாகக் கலந்து கிடந்தார்கள். இப்போது தனிப் புத்தகம், தனி வினாத்தாள், வரைபடம் வாசிக்கிற பகுதி என்று எல்லாம் இருக்கிறது. எங்களுக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

நிறையப் பேர் நினைக்கிறது என்னவென்றால், புவியியல் என்றால் நாட்டுப் பேர், தலைநகரத்துப் பேர், மலை உயரம் எல்லாம் மனப்பாடம் பண்ணுகிற வேலை. பீதுருதாலகால 2,524 மீற்றர், மகாவலி 335 கிலோமீற்றர், அவ்வளவுதான் என்று. அது பாடத்தின் தோல் மட்டும். அதற்குள்ளே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தில் இது ஏன் இப்படி இருக்கிறது? அந்தக் கேள்விக்கான பாதிப் பதில் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலைக்குப் போகுமுன்பே தெரியும். டவுன் பிள்ளை படத்தில் பார்க்கிறதை நம்ம பிள்ளை காலால் நடந்து பார்த்திருக்கிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வரைபடத்தில் சமவுயரக்கோடு என்று ஒன்று வரும். ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களையெல்லாம் சேர்த்து இழுக்கிற கோடு. கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்தான சரிவு, தள்ளித் தள்ளி இருந்தால் சாய்வு குறைந்த நிலம். பல பிள்ளைகள் பரீட்சையில் தடுமாறுகிற இடம் இதுதான். ஆனால் மலையிலே கான் வெட்டுகிறவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கானை மேலிருந்து கீழே நேராகவா வெட்டுகிறீர்கள்? இல்லையே. சரிவுக்குக் குறுக்கே, கிட்டத்தட்ட மட்டமாக, தண்ணீர் மெதுவாக ஓடுகிற அளவுக்கு மட்டும் கொஞ்சம் சாய்த்து வெட்டுகிறீர்கள். அந்தக் கான் போகிற வழிதான் ஏறக்குறைய சமவுயரக்கோடு. தேயிலை வரிசையும் பல மலைகளில் அதே வழியில்தான் போகிறது. பிள்ளைக்கு விளங்கவில்லை என்றால் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். அப்பா பாடசாலைக்கே போகாதவராக இருந்தாலும் பரவாயில்லை. இந்தப் பாடத்தில் அவர்தான் வாத்தியார்.

மழையை எடுத்துக்கொள்வோம். பண்டாரவளைப் பக்கம் பொண்ணு கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஜூலை, ஆகஸ்டில் இங்கே ஹட்டன் பக்கம் கம்பளி காய்வதில்லை, விறகு காய்வதில்லை. அதே நாளில் அங்கே போனால் காற்று வறண்டு வீசும், உதடு வெடிக்கும். ஒரே நாடு, ஒரு பகல் பயண தூரம்தான். ஏன் அப்படி? தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. நமது மலைகளில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தை இந்தப் பக்கமே மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரமில்லாத காய்ந்த காற்றாகப் போகிறது. அந்தக் காய்ந்த காற்று பட்ட கொழுந்துக்குத் தனி மணம். ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை கூடுதலான மதிப்பு இருப்பது அதனால்தான். நமது திம்புளைப் பக்கத்துக்கு அந்த நல்ல காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, காற்று மறுபக்கத்திலிருந்து வீசும்போது. நீங்கள் கூடையில் போடுகிற கொழுந்து கொழும்பு ஏலத்தில் என்ன விலை போகிறது என்பதில் காற்றின் திசைக்கும் பங்கு இருக்கிறது. உயரத்துக்கும் பங்கு உண்டு. 1,200 மீற்றருக்கு மேலே விளைவது உயர்நிலத் தேயிலை, 600 வரை மத்திய நிலம், அதற்குக் கீழே தாழ்நிலம் என்று பிரிப்பது வியாபாரிகளின் விருப்பத்துக்கு அல்ல. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை பாகை குறையும். குளிரில் கொழுந்து மெதுவாக வளரும், சுவை கூடும்.

தண்ணீரையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. காசல்ரீயில் நிற்கிற தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையம், நோட்டன் பிரிட்ஜ், லக்ஷபான என்று இறங்கி மின்சாரம் கொடுத்து, கடைசியில் அம்பத்தலையில் சுத்தம் பண்ணப்பட்டுக் கொழும்புக் குழாயில் வருகிறது. ஆக, நாம் மலையில் மண் கரையாமல் பார்ப்பதும், பீலிக்கரையில் குப்பை கொட்டாமல் இருப்பதும் கொழும்பில் தண்ணீர் குடிக்கிறவர்களையும் தொடுகிற விஷயம். இதை அவர்கள் நினைத்துப் பார்க்கிறார்களோ இல்லையோ, அது வேறு கதை.

இதுவரை சொன்னது படிப்பின் ருசிக்காக. இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தைப் பக்கத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடும் இல்லை, சிலருக்கு அம்மா அப்பாவும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது பிறகு எல்லோருக்கும் தெரியவந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாட்டில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள்தான் மோசமாக அடிபட்டன. அந்த நாட்களில் நம் மண்டபத்திலும் குடும்பங்கள் பாய் விரித்துப் படுத்திருந்தன. உங்களுக்கு நான் அதைச் சொல்லிக் காட்டத் தேவையில்லை.

எச்சரிக்கை எப்படி வருகிறது என்று பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் வருகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழையைத் தாண்டினால் மஞ்சள், கவனமாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், வெளியேற ஆயத்தமாக இருக்க வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 விழுந்தால் சிவப்பு, இடத்தை விட்டுப் போய்விட வேண்டும். இதெல்லாம் வானொலியிலும் போனிலும் வருகிறது. ஆனால் "75 மில்லிமீற்றர்" என்று கேட்டால் நமக்கு மனசில் என்ன தெரிகிறது? ஒன்றும் தெரியவில்லை. புவியியல் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். 7 பேர்ச்சஸ் காணி ஒன்றில் ஒரே நாளில் 150 மில்லிமீற்றர் பெய்தால் 26,000 லீற்றருக்கு மேல். பெரிய தண்ணி பவுசர் நாலைந்தை உங்கள் வாசலில் கவிழ்த்தது மாதிரி. பக்கத்துக் காணிக்கும் அப்படி, மேலே இருக்கிற மலை முழுக்க அப்படி. கான் தூர்ந்து கிடந்தால் அந்தத் தண்ணீர் ஓட வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்கும். மண் கனத்துப் போகும், பிடிப்பு விட்டுப் போகும். கான் துப்புரவு பண்ணுகிற வேலையைக் குறைத்தால் என்ன ஆகும் என்று பெரியவர்கள் பெரட்டுக்களத்தில் எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதையே பிள்ளை கணக்கோடு சொன்னால் கேட்கிறவர்களுக்குத் தட்டிக்கழிக்கக் கஷ்டமாக இருக்கும்.

அடையாளங்களும் இருக்கின்றன. நிலத்தில் புதிதாக வெடிப்பு, சுவரில் வெடிப்பு, கதவு திடீரென்று பூட்டுப்படாமல் போவது, மரமும் கம்பமும் சாய்வது, தெளிவாக வந்த ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவது அல்லது திடீரென்று நின்றுவிடுவது. இவற்றைப் பார்த்தால் நிறம் என்ன என்று வானொலி சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது.

அடுத்தது காணி. வீடமைப்புத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் என்று கொடுக்கிறார்கள். உறுதியோடு ஒரு பிளான் வருகிறது. அதை நம்மில் எத்தனை பேர் விரித்துப் பார்த்திருக்கிறோம்? சீலைக்கு அடியில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். வடக்கு எந்தப் பக்கம், அளவுத்திட்டம் என்ன, எல்லை எதுவரை, நம்முடைய லொட் இலக்கம் எது என்று வாசிக்க ஒருவர் வீட்டில் இருக்க வேண்டாமா? 7 பேர்ச்சஸ் என்றால் 1,900 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. பிளானில் இருப்பது மட்டமாகக் கணக்குப் பார்த்த பரப்பு. நமது நிலமோ சரிவு. வீடு கட்ட மண்ணை வெட்டி இறக்கினால் பின்னால் ஒரு மண்சுவர் நிற்கும், முன்னால் கொட்டின மண் இளகி நிற்கும். எவ்வளவு வெட்டலாம், தண்ணீரை எந்தப் பக்கம் திருப்பலாம் என்று அதிகாரிகளிடம் கேள்வி கேட்கவாவது ஒரு அடிப்படை வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு அடி நிலத்துக்குச் சண்டை பிடித்து நாலு வருஷம் பேசாமல் இருக்கிற குடும்பங்களையும் எனக்குத் தெரியும். பிளானை இரண்டு பேரும் சேர்ந்து வாசித்திருந்தால் அரை மணித்தியாலத்தில் முடிகிற விஷயம்.

எல்லைக்கோடு என்றால் வீட்டு வேலி மட்டும் இல்லை. 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் அம்பகமுவ பிரதேச சபை மூன்றாகவும், நுவரெலியா பிரதேச சபை மூன்றாகவும் பிரிக்கப்பட்டன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் அப்படி வந்தவைதான். இத்தனை சனத்துக்கு ஒரே சபை போதாது என்று கேட்டதற்கு அடிப்படை என்ன? எந்த இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கும் வரைபடமும். சனத்தொகைப் பரம்பல் என்று பாடப் புத்தகத்தில் வருவது இதுதான்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். போன வாரம் லயத்துப் பக்கம் வந்தபோதே பலர் கேட்டுவிட்டீர்கள்.

"ஐயா, சிங்களம் எடுத்தா வேலைக்கு உதவுமே, அத விட்டுட்டு இத எடுக்கச் சொல்றீங்களே?" ஒரு அம்மா கேட்டது. நியாயமான கேள்வி. சிங்களம் நமக்குக் கட்டாயம் வேண்டும், ஆஸ்பத்திரியிலும் பொலிஸிலும் பிரதேச செயலகத்திலும் அது இல்லாமல் நாம் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனால் சிங்களத்தைக் கடையில் பழகலாம், பஸ்ஸில் பழகலாம், கீழ்ப் பிரிவில் இருக்கிற சிங்களக் கூட்டாளியிடம் பழகலாம். நமது பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே பேசுகிறார்கள். வரைபடம் வாசிக்க எந்தக் கடையில் கற்றுக்கொடுப்பார்கள்? பேசவே வராத பிள்ளை என்றால் சிங்களம் எடுக்கட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஓரளவு பேசுகிற பிள்ளைக்குப் புவியியல் எடுப்பதுதான் லாபம் என்பது என் அபிப்பிராயம்.

"படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" இதில் பொய் சொல்ல மாட்டேன். சாதாரண தரத்தில் புவியியல் எடுத்ததற்காக எவரும் வேலை தூக்கிக் கொடுப்பதில்லை. நில அளவையாளராக வர ஆசைப்படுகிற பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்குப் போக வேண்டும், அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கலைப்பிரிவுக்குப் போகிறவர்கள் உயர்தரத்திலும் புவியியல் எடுத்தால் யாழ்ப்பாணம், பேராதனை, கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அதை மேலே படிக்கலாம். ஆசிரியராக வரலாம். கிராம உத்தியோகத்தர், அனர்த்த முகாமைத்துவம், சுற்றுலா, கணினியில் வரைபடம் செய்கிற வேலை, இவற்றுக்கெல்லாம் இந்தப் படிப்பு கை கொடுக்கும். நம் மலையை நன்றாகத் தெரிந்த, நம் பாஷை பேசுகிற உத்தியோகத்தர் ஒருவர் மண்சரிவுப் பரிசோதனைக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

"ஆசிரியர் இல்லையே?" இதுதான் மெய்யான தடை. சில பாடசாலைகளில் புவியியலுக்கு ஆள் இல்லை என்பதற்காகவே பிள்ளைகளை வேறு பாடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதிபர்மாரைக் குறை சொல்லி என்ன செய்வது, இருக்கிற ஆளை வைத்துத்தான் அவர்களும் ஓட்ட வேண்டும். ஆனால் எத்தனை பிள்ளைகள் கேட்டார்கள் என்று எழுத்தில் இருந்தால்தான் வலயக் கல்வி அலுவலகத்தில் போய் ஆசிரியர் கேட்க முடியும். யாரும் கேட்காத பாடத்துக்கு ஆசிரியர் வரமாட்டார். பெற்றோர் ஐந்தாறு பேராவது சேர்ந்து, பிள்ளைகளின் பேரைப் போட்டு, கையெழுத்து வைத்து அதிபரிடம் கொடுங்கள். கடிதம் எழுத ஆள் வேண்டுமென்றால் என் காம்பராவுக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன். கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. "அவளுக்கு எதுக்கு மேப்பும் மலையும்" என்று ஒருவர் சொன்னார். கொழுந்து மலையில் நாள் முழுக்க நிற்பது யார்? மழை ஓங்கும்போது பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுவது யார்? எந்தப் பாதை வழுக்கும், எந்தப் பாலத்துக்கு மேலே தண்ணீர் ஏறும் என்று பெண்களுக்குத் தெரிகிற அளவுக்கு ஆண்களுக்குத் தெரியாது. இதற்கு மேல் நான் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். தோட்டத்து ஒபீசில் மழைமானி இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதைப் போல நீங்களே ஒன்று செய்யலாம். வாய் அகலமும் அடி அகலமும் ஒரே அளவாக உள்ள நேரான டின் ஒன்றை எடுங்கள். வாய் குறுகின போத்தல் சரிவராது, கணக்குப் பிழைக்கும். மரத்தடியிலும் தாழ்வாரத்திலும் வைக்காமல் திறந்த வெளியில், காற்றில் விழாதபடி கல் அடுக்கி வையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் அடிமட்டத்தை விட்டு எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்து எழுதிவிட்டுத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு ஒபீஸ் கிளாக்கர் ஐயாவிடம் அவருடைய கணக்கைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், நான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மேக்கணக்குக்கும் பணியக்கணக்குக்கும் வித்தியாசம் வரும். ஏன் வந்தது என்று யோசித்து எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு நிதியத்தின் சார்பில் கொப்பியும் வரைதல் பெட்டியும் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் நம்ம பக்கம் வருகிற தாளை இந்த மண்டபத்தின் பின்சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதில் இரண்டு சென்ரிமீற்றர் என்றால் நிலத்தில் ஒரு கிலோமீற்றர். வெளியே போகும்போது நெருக்காமல் ஒவ்வொரு குடும்பமாக நின்று பாருங்கள். முதலில் ஆற்றைப் பிடியுங்கள், பிறகு பாதையைப் பிடியுங்கள், பிறகு ஸ்டோரைத் தேடுங்கள், அதிலிருந்து உங்கள் லயத்துக்கு வாருங்கள். கண்டுபிடித்தவர்கள் சின்னதாக ஒரு புள்ளி வைக்கலாம். பென்சில் நூலில் கட்டித் தொங்குகிறது. தயவுசெய்து பேனாவால் மட்டும் கோடு போட்டுவிடாதீர்கள்.